ஜூலாவி யார்?

"மேம், ஜூலாவி யாரு?"

அந்தப் பிலிப்பைன்ஸ்காரப் பெண் என் அறைக்குள் வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலியில் இருந்த புருஷனைக் கண்ணால் காட்டி, "இவரு கண்ணு முழிச்ச நேரமெல்லாம் ஜூலாவி, ஜூலாவின்னே கூப்பிடுறாரு. யார் அந்தப் பொம்பள? நீங்கதான் கேட்டுச் சொல்லணும்" என்றாள். அவள் பேசியது ஆங்கிலம். ஆனால் அந்தக் கோபத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. எங்கள் மதுரைப் பக்கம் தெருவுக்குத் தெரு கேட்கிற கோபம்தான்.

நான் ஷார்ஜாவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஸ்பீச் தெரபிஸ்ட். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்கு அதை மீட்டுக் கொடுக்கிற வேலை. "வாயாடிக்கு வாயாலயே பொழப்பு" என்று என் கணவர் கேலி செய்வார். செய்யட்டும். வாரக்கணக்கில் ஊமையாக இருந்த ஒரு மனுஷன் திடீரென்று "டீ" என்று வாய் திறந்து கேட்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்கிற சுகம், அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

அந்தப் பெண்ணின் புருஷன் வேலை பார்த்தது துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கிற ஐஸ் ரிங்கில். பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற ஐஸ் தரையை மெஷின் ஓட்டி வழவழப்பாக்குகிற டூட்டி. வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை. துபாயில் இப்படியும் ஒரு பிழைப்பு உண்டு. பாஸ்போர்ட்டில் ரஷ்யாக்காரர். ஆனால் நாம் நினைக்கிற ரஷ்ய முகம் இல்லை. கன்ன எலும்பு உயர்ந்து, கண் சின்னதாக, மனைவியின் கூடப் பிறந்தவர் என்று சொன்னாலும் நம்பலாம். இருவருக்கும் இங்கேதான் பழக்கம், இங்கேதான் கல்யாணம். அவள் ஒரு பியூட்டி பார்லரில் வேலை செய்கிறாள். குடியிருப்பு துபாய் கராமாவில், ஒரு ஃபிளாட்டில் ஒற்றை ரூம். தன் ஊரைப் பற்றி அவர் அவளிடம் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: அப்பா அம்மா இல்லை, சின்ன வயதிலேயே அரசாங்க ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள், ரொம்பக் குளிர்.

பக்கவாதம் அவருடைய வலது கையை எடுத்துக்கொண்டது. கூடவே ஆங்கிலத்தையும் எடுத்துக்கொண்டது. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்ட ஒரே பாஷை அது. சரி, ரஷ்யனாவது மிச்சம் இருக்கும் என்று ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்தோம். அவர் பேசப் பேச இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்பாட்டுக்கு எதையோ கடகடவென்று கொட்டினார். மொழிபெயர்ப்பாளர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது ரஷ்யன் இல்லீங்க. இது எதுவுமே இல்ல" என்று போனை வைத்துவிட்டார்.

எங்கள் டாக்டர் கேரளாக்காரர், கோயம்புத்தூரில் படித்தவர். என்னிடம் தமிழில்தான் பேசுவார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மூளையில் ஒரு குறிப்பிட்ட இடம் அடிபட்டால் பேச்சு தடையில்லாமல் ஓடும், அதில் அர்த்தம் மட்டும் இருக்காது. "படம் காட்டிப் பார்த்தாச்சும்மா. ஆத்தக் காட்டினாலும், நெருப்பக் காட்டினாலும், கடைசியில ஒரே சொல்லச் சொல்லி முடிக்கிறார். சிக்கிக்கிச்சு. நாம கேக்கறதும் அவருக்குப் புரியல, அவர் பேசறதும் அவருக்கே புரியல."

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், எல்லாம் என் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தது. பேச்சுப் பயிற்சியால் பிரயோஜனம் இல்லை என்று நான் எழுதிவிட்டால் இன்ஷூரன்ஸ் நின்றுவிடும். அந்த மாதத்தோடு கம்பெனி விசாவை கேன்சல் செய்து, துணைக்கு ஒரு ஆளையும் போட்டு, அவரை அவர் நாட்டு அரசாங்கக் காப்பகத்துக்கு அனுப்பிவிடும். மனைவி கையெழுத்துப் போட்டால் போதும். அவள் என்னிடம் தெளிவாகச் சொன்னாள்: "உள்ள அவர் இருந்தா நான் வச்சுப் பாத்துக்குவேன் மேம், எவ்வளவு கஷ்டமானாலும். உள்ள அவர் இல்லைன்னா என்ன செய்யறது? இல்ல, ஜூலாவிதான் வேணும்னா, அந்த ஜூலாவியே வந்து பாத்துக்கட்டும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு அந்த ஜூலாவி மேல் அப்போதே ஒரு வெறுப்பு வந்துவிட்டது.

அந்த சனிக்கிழமை எங்கள் அஜ்மான் வீட்டில் வேறொரு பஞ்சாயத்து. என் மகளுக்கு ஏழு வயது. வாரக் கடைசியில் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். சொல்வதெழுதுதலில் 'கொடம்' என்று எழுதி, 'எலை' என்று எழுதி, பக்கம் முழுக்க சிவப்பாக வாங்கி வந்திருந்தாள். "அம்மா, நீதான் எப்பவும் கொடம்னு சொல்ற. மிஸ் குடம்னு சொல்றாங்க. ஹூ இஸ் ராங்?" என்று இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்.

நான் ராங்கா? விடுவேனா! காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தேன். பிறந்ததிலிருந்து பேசுகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. குடம் ஏன் கொடம் ஆகிறது? அப்படியானால் குடி ஏன் கொடி ஆகவில்லை? இலை எல ஆகிறது. இடம் எடம். முகம் மொகம். விறகு வெறகு. நிலம் நெலம். ஆனால் கிளி கிளிதான். துணி துணிதான். புலியைப் 'பொலி' என்று எந்த ஊர்க்காரனும் சொல்வதில்லை. அட, பின்னால் வருவதைப் பாரேன்! பின்னால் 'அ'வோ 'ஐ'யோ வந்தால் முன்னால் இருக்கிற 'இ' இறங்கி 'எ' ஆகிறது, 'உ' இறங்கி 'ஒ' ஆகிறது. வாய் அடுத்தாற்போல் திறக்கப் போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்கிறோம். நாம் கொச்சையாகப் பேசவில்லை, ஒழுங்காக ஒரு விதிப்படி பேசுகிறோம்!

"அப்ப குப்பை?" என்றாள் மகள்.

அதானே! 'கொப்பை' என்று யாரும் சொல்வதில்லை. நடுவில் இரண்டு 'ப்' வந்து வழியை மறித்துக்கொள்கிறது. நான் அவளைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினேன். கல்லூரியில் உயிரிசைவு என்று ஒரு பாடம் இருந்தது. ஒரு சொல்லுக்குள் இருக்கிற உயிரெழுத்துகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவது. துருக்கி, ஹங்கேரி என்று எங்கேயோ இருக்கிற மொழிகளை உதாரணம் காட்டினார்கள். பரீட்சைக்குப் படித்தது, பரீட்சையோடு போயிற்று. அது என் வீட்டுக் குடத்திலேயே கொஞ்சம் இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காதில் விழுந்த சொற்களையெல்லாம் உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாப்பாட்டுல உப்பு இல்ல, அதையும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணு" என்றார் கணவர்.

திங்கட்கிழமை அந்தக் காதோடுதான் அந்த ஐஸ் ரிங்க்காரர் முன்னால் போய் உட்கார்ந்தேன். படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். காட்டும்போதே அவர் சொல்வதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினேன். ஆற்றின் படத்துக்கு "பிரவா இச்செஜெம்" என்றார். நெருப்புக்கு "தொகொவொ இச்செஜெம்." ஒரு ஆள் நிற்கிற படத்துக்கு "பெயெவெ இச்செஜெம்." அவருடைய 'எ' நம் 'எ' இல்லை. அவசரத்தில் பாதி விழுங்கிய மாதிரி ஒரு ஒலி. இருந்தாலும் 'எ' என்றே எழுதினேன்.

எழுதியதைப் பார்த்தேன். பிறகு மறுபடியும் பார்த்தேன். பிரவுக்கு 'வா'. தொகொவுக்கு 'வொ'. பெயெவுக்கு 'வெ'. தலைச்சொல் எந்த உயிரில் முடிகிறதோ, வாலிலும் அதே உயிர்! ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தால் எனக்குப் பிடிபட்டிருக்குமோ என்னவோ. தமிழில் 'ஒ'வுக்குக் கொம்பும் காலும் வரிசையாக நிற்பது கண்ணை உறுத்தியது. நம் பேச்சில் பின்னால் வருவது முன்னால் இருப்பதை இழுக்கிறது. இவர் பேச்சில் முன்னால் இருப்பது பின்னால் வருவதை இழுக்கிறது.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். அவர் பதறிப்போய் இடது கையைத் தூக்கினார். நான் கதவுக்கு ஓடினேன். பின்னாலிருந்து "அலாட்கல்!" என்றார். நின்று, திரும்பி வந்தேன். நாற்காலியைக் காட்டி "தெகெகெல்" என்றார். உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. நில்லு என்றிருக்கிறார், நின்றேன். உட்கார் என்றிருக்கிறார், உட்கார்ந்தேன். 'அ' உள்ள சொல்லுக்குக் 'கல்', 'எ' உள்ள சொல்லுக்குக் 'கெல்'. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் துருக்கிக்காரி. அவளை இழுத்து வந்து கேட்க வைத்தேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "சொல்லு ஒண்ணுகூடப் புரியல. ஆனா எங்க பாஷை ஓடுற மாதிரியே ஓடுது" என்றாள். அவர்கள் மொழியில் வீடு 'எவ்', வீடுகள் 'எவ்லெர்'. குதிரை 'அத்', குதிரைகள் 'அத்லார்'. அங்கேயும் தலைக்கேற்ற வால். "ஆனா இது துருக்கி இல்ல" என்று அடித்துச் சொன்னாள்.

டாக்டரிடம் போய் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "உளர்றவங்க வாயிலயும் பழகின பாஷையோட சந்தம் மிச்சம் இருக்கும்மா. தாளம் இருந்தா பாட்டாயிடுமா? இது ஒரு பாஷைன்னா, அதுல அர்த்தம் இருக்குன்னு காட்டு" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "தான் பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்காத" என்று ஒரு சிரிப்பு வேறு. நான் பிடித்த முயலுக்கு நாலு காலும் இருக்கிறது என்று காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

போய் வீடு படத்தை எடுத்துக் காட்டினேன். "ஜூவா இச்செஜெம்." தண்ணீர்ப் படத்தைக் காட்டினேன். "மூவெ இச்செஜெம்."

ஜூவிலும் 'ஊ'. மூவிலும் 'ஊ'. ஒன்றுக்கு 'வா', ஒன்றுக்கு 'வெ'. ஒரே தலைக்கு இரண்டு வால் எப்படி வரும்? விதி அங்கேயே உடைந்து விழுந்தது. படங்களைக் கலைத்துப் போட்டு மறுபடி மறுபடி காட்டினேன். எப்போது காட்டினாலும் வீட்டுக்கு 'வா'தான், தண்ணீருக்கு 'வெ'தான். ஒருமுறைகூட மாற்றிச் சொல்லவில்லை. ஜூ என்றால் வீடு என்றால், ஜூலாவி? ஆனால் அவசரப்பட்டு எதையாவது சொல்லி, 'வீட்டுல ஒருத்தி இருக்காளா' என்று அந்தப் பெண் கேட்டால் என்ன பதில் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என் கணவருக்குத்தான் தெரியும்.

மனைவியிடம் அனுமதி கேட்டு, ஆள் யார், என்ன வியாதி என்று எதுவும் இல்லாமல், அந்தச் சொற்களை மட்டும் ஆங்கில எழுத்துக்கு மாற்றி, மொழிகளைப் படிக்கிறவர்கள் கூடுகிற ஓர் இணையக் குழுவில் போட்டேன். 'இது என்ன பாஷை? இரண்டு ஊவுக்கு ஏன் இரண்டு வால்?' இவ்வளவுதான் கேட்டேன்.

மறுநாள் காலை. அஜ்மானிலிருந்து ஷார்ஜாவுக்கு நாங்கள் சில பேர் சேர்ந்து போகிற கார் லிஃப்ட் வண்டி, வழக்கம்போல் டிராஃபிக்கில் நின்றுகொண்டிருந்தது. போனில் பதில் வந்திருந்தது. சைபீரியாவின் கிழக்கே ஓர் ஊரில் இருக்கிற டீச்சரம்மா எழுதியிருந்தார். முதல் வரியே ஆச்சரியக்குறியோடு: 'இது எங்கள் மொழி! எவென்கி!' துங்கூசியம் என்கிற மொழிக் குடும்பத்தில் ஒன்றாம். பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்களாம். பிள்ளைகள் ரஷ்யனுக்கு மாறிவிட்டார்களாம். 'இவ்வளவு சுத்தமாகப் பேசுகிறவர் யார்? எங்கே இருக்கிறார்?' என்று கேட்டிருந்தார். பிறகு என் கேள்விக்குப் பதில். ஒரு காலத்தில் அந்த மொழியில் இரண்டு ஊ இருந்தனவாம். ஒன்று தொண்டையின் ஆழத்திலிருந்து வருவது, மற்றது அப்படி வராதது. நாளாக ஆக இரண்டும் வாயில் கலந்து ஒன்றாகிவிட்டன, நம் 'ந'வும் 'ன'வும் ஒன்றான மாதிரி. இப்போது காதுக்கு வித்தியாசமே தெரியாது. வாலுக்கு மட்டும் தெரியும். வீடு பழைய ஆழமான ஊ, அதனால் 'வா'. தண்ணீர் மற்ற ஊ, அதனால் 'வெ'. 'இதை மனப்பாடம் செய்து உளற முடியாது. இந்த மொழிக்குள்ளேயே வளர்ந்த பிள்ளையால்தான் இப்படிச் சொல்ல முடியும்' என்று எழுதியிருந்தார்.

விதியை உடைத்தது என்று நான் மூலையில் போட்டதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி! அதற்குக் கீழே இன்னொரு வரி. 'இச்செஜெம் என்றால் பார்க்கிறேன்.' ஆற்றைப் பார்க்கிறேன். நெருப்பைப் பார்க்கிறேன். ஆளைப் பார்க்கிறேன். நாங்கள் படம் காட்டிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்த மனுஷன் முழு வாக்கியத்தில், இலக்கணம் பிசகாமல் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

வண்டிக்குள் நான் போட்ட கூச்சலில் டிரைவர் பாய் ஹாரனை அழுத்திவிட்டார். "க்யா ஹுவா மேடம்? லாட்டரி லகா க்யா?" என்றார். "லாட்டரிதான் பாய்! யல்லா, ஜல்தி சலோ!" என்றேன். எங்கே ஜல்தி, முன்னால் ஒரு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

டாக்டர் படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப இத்தனை நாளா அந்த மனுஷன் ஒழுங்காத்தான் பேசிட்டிருந்தாரா?" என்றார். ரஷ்யனும் ஆங்கிலமும் பிறகு கற்றவை, போய்விட்டன. ஹாஸ்டலுக்குப் போகும் முன் வீட்டில் பேசியது மட்டும் தங்கியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் நடப்பதுண்டு. அவர் பாஸ்போர்ட்டை எடுத்துப் பிறந்த ஊரைப் பார்த்தோம். டீச்சரம்மா இருக்கிற அதே பக்கம். "உன் முயலுக்கு நாலு காலும்மா, ஒத்துக்கிறேன்" என்றார் டாக்டர். என் ரிப்போர்ட்டின் கீழே தானும் நாலு வரி எழுதினார். நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

மத்தியானம் அவள் வந்தாள். பார்லர் யூனிஃபார்மோடு ஓடி வந்திருந்தாள். அதற்குள் அவர் ஜூலாவி என்று சொல்கிற வாக்கியத்துக்கும் டீச்சரம்மாவிடம் அர்த்தம் கேட்டு வைத்திருந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஜூலாவின்னு ஒரு பொம்பளையே கிடையாது! ஜூன்னா வீடு. லான்னா அங்க போறது. வின்னா தன்னோடது. ஜூலாவின்னா 'என் வீட்டுக்கு'. பி ஜூலாவி ஙெனெஜெம். நான் என் வீட்டுக்குப் போறேன். அவ்வளவுதான் சொல்றாரு!" சொல்லும்போது அந்த 'ங'வை வேறு அழுத்திச் சொன்னேன். நம் மொழியில் 'ஙே' என்று முழிப்பதற்குத் தவிர வேறெதற்கும் சொல்லின் முதலில் வராத எழுத்து, அங்கே எவ்வளவு ஜோராக வருகிறது என்கிற சந்தோஷம் எனக்கு.

அவள் சிரிக்கவில்லை. "பொம்பள இல்ல" என்றாள்.

"இல்லவே இல்ல!"

"அவரு வீட்டுக்குப் போகணும்னு கேக்குறாரு."

"ஆமா!"

"அப்ப சைன் பண்ணிடறேன் மேம்" என்றாள். "சின்னப் புள்ளையில அவரை அங்கேர்ந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. இப்ப அந்தப் பாஷையிலேயே வீட்டுக்குப் போகணும்னு அழுவறாரு. நான் புடிச்சு வச்சிருந்தா நான் என்ன பொண்டாட்டியா, ஜெயிலரா?"

இப்போது நிஜமாகவே 'ஙே' என்று முழித்தேன். எனக்கு இது தோன்றவே இல்லை. வாலையும் தலையையும் பார்த்துத் துள்ளிக்கொண்டிருந்தேனே தவிர, அது எந்த வீடு என்று நான் யோசிக்கவில்லை. அவள் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. அவர் பேசுகிற மொழியில் பேச ஒரு ஆளாவது அங்கே இருப்பார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? "ஒரு நாள் பொறு. அந்த டீச்சர் வீடியோவுல பேசறேன்னு சொல்லியிருக்காங்க. நேரா கேட்டுட்டு அப்புறம் சைன் பண்ணு" என்று கெஞ்சினேன். அவளும் சரி என்றாள்.

மறுநாள் டேப்லெட்டை அவர் மடிக்கு எதிரே மேசையில் நிறுத்தினோம். திரையில் டீச்சரம்மா வந்தார். கனத்த ஸ்வெட்டர், பின்னால் ஜன்னலில் வெள்ளை வெளேரென்று பனி. ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். இவர் தலை மெதுவாக நிமிர்ந்தது. திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். இடது கையை நீட்டித் திரையைத் தொட்டார். பிறகு பேச ஆரம்பித்தார் பாருங்கள், ஐயோ, அணை உடைந்தது! டீச்சர் சிரிக்கிறார், கண்ணைத் துடைக்கிறார், பதில் சொல்கிறார். இவர் குறுக்கே பேசுகிறார், தலையில் அடித்துக்கொள்கிறார், சிரிக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு சொல் புரியாமலேயே நானும் சிரித்தேன். வா, வெ, வொ என்று வால்கள் அதது தன் தலையோடு ஒட்டி ஓடுவது மட்டும் எனக்குக் கேட்டது.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்சம் அடங்கியதும், "கேக்கச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். "எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போய் விடணும்னு கேக்கச் சொல்லுங்க."

டீச்சரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கேட்டார். இவர் முகத்தில் ஒரு எரிச்சல் வந்தது. இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற எரிச்சல். ஒரே சொல்லில் பதில் சொன்னார்.

"கராமாலா."

டீச்சர் நெற்றியைச் சுருக்கினார். "கராமாலா, அதாவது கராமாவுக்குன்னு சொல்றாரு. வாலைச் சரியாத்தான் ஒட்டியிருக்காரு. ஆனா கராமான்னு எங்க பக்கம் ஊரே கிடையாதே. ஏதாவது சின்ன ஆத்துப் பேரா இருக்குமோ? இருங்க, மறுபடி கேக்கறேன்."

மறுபடி கேட்க என்ன இருக்கிறது! துபாய் பஸ்ஸில் 'கராமால எறங்கணும்' என்று சொல்கிறவள் நான். உடனே தமிழும் எவென்கியும் ஒண்ணுவிட்ட அக்கா தங்கச்சி என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம், அது தற்செயல். ஆனால் அந்த நிமிஷம் உலகத்திலேயே அந்தச் சொல் புரிந்தவர்கள் அந்த அறையில் இருந்த நாங்கள்தான். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"கராமாவா?" என்றாள். "நம்ம கராமாவா?"

அவர் அவளுடைய யூனிஃபார்ம் கையை இடது கையால் பிடித்து இழுத்தார். "கராமாலா, கராமாலா" என்றார், செவிடருக்குச் சொல்கிற மாதிரி.

அவள் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன! ஜூலாவியாம் ஜூலாவி!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் துடைக்கவே இல்லை, வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

டீச்சர் திரையில் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கராமா என்பது இவர்கள் குடியிருக்கிற இடம் என்று சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் மூக்கை உறிஞ்சியபடி டேப்லெட்டின் முன்னால் வந்து குனிந்தாள். "வீட்டுக்குப் போலாம்னு இவருகிட்ட எப்படிச் சொல்றது? சொல்லிக் குடுங்க" என்றாள்.

"ஒருத்தர் தன் வீட்டுக்குன்னா ஜூலாவி. ரெண்டு பேரும் சேர்ந்து தங்களோட வீட்டுக்குன்னா வேற. ஜூலாவர்" என்றார் டீச்சர்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஜூலாவெர்."

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"வர்" என்றார்.

"வர்" என்றாள் அவள்.